யூத இனப்படுகொலைப் பாடம் எடுக்கப் போகிறேன்: எந்த மாதிரிப் பயிற்சிக்குப் போவது?

மலர்_வரலாறு

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். வரும் செப்டம்பரிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஹோலோகாஸ்ட், அதாவது யூத இனப்படுகொலைப் பாடத்தை நான்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே 1991இல் தேசியப் பாடத்திட்டம் வந்த நாளிலிருந்தே இது கட்டாயப் பாடம். ஆனால் பாடத்தைக் கட்டாயமாக்கியவர்கள் அதை எடுக்கிறவருக்கான பயிற்சியைக் கட்டாயமாக்கவில்லை. ஆறு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறார்கள், இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் தருகிறார்கள், எந்தப் பயிற்சி என்பது என் விருப்பம்.

முன்பு எடுத்தவர் விட்டுப்போன ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். முதல் ஸ்லைடு ஹிட்லர். இரண்டாவது ரயில் தண்டவாளம். மூன்றாவதிலிருந்து கடைசிவரை எலும்பும் தோலுமான உடல்கள். ஒரு யூதருடைய பெயர்கூட அதில் இல்லை. எங்கள் பள்ளியில் யூதப் பிள்ளைகள் யாரும் கிடையாது, பெரும்பாலான மாணவர்கள் ஒரு யூதரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள், அப்படிப்பட்ட பிள்ளை இந்த ஸ்லைடுகளை மட்டும் பார்த்துவிட்டு வெளியே போனால் யூதர் என்றாலே பிணக்குவியல் என்றுதானே மனதில் நிற்கும்?

போன மாதம் ஒரு மாணவி கேட்டாள், "மிஸ், யூதர் என்றால் மதமா, இனமா?" இன்னொருவன், "அவ்வளவு பேர் இருந்தும் ஏன் எதிர்த்து நிற்கவில்லை?" இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. இந்தத் துறையில் இருக்கிறவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள் சொல்லுங்கள், நல்ல பயிற்சி என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சாக்பீஸ்

மலர், அந்த ஸ்லைடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. நானும் இங்கேதான் பல வருடமாக இதே பாடத்தை எடுக்கிறேன், பயிற்சிகளுக்கும் போயிருக்கிறேன். ஒரு பயிற்சி நல்லதா என்பதை நான் ஒரே விஷயத்தை வைத்துத்தான் பார்ப்பேன்: ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933க்கு முன்னால் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் இடம் இருக்கிறதா? அது இல்லாமல் நேரே வதைமுகாமுக்குள் கூட்டிப்போகிற பயிற்சியால் பயனில்லை என்பேன். நாஜிகள் யூதர்களை எப்படிப் பார்த்தார்களோ அதே பார்வையில்தான் பிள்ளைகளும் பார்க்கப் பழகுவார்கள். முகமில்லாத கூட்டமாக, எண்ணாக.

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹோலோகாஸ்ட் கல்வி மையம் இங்கிலாந்துப் பள்ளிகளில் கிட்டத்தட்ட 8,000 மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டது. கிடைத்தால் படியுங்கள். 1933இல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் எவ்வளவு என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் பலமடங்கு கூட்டிச் சொன்னார்கள். உண்மையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். இது ஏதோ ஒரு புள்ளிவிவரத்தில் சறுக்கிய கதை இல்லை. யூதர்கள் ஜெர்மனியில் மூன்றில் ஒரு பங்கு இருந்தார்கள் என்று நினைக்கிற பிள்ளைக்கு, "அவர்கள் நாட்டையே பிடித்து வைத்திருந்தார்கள்" என்ற நாஜிப் பிரச்சாரம் நியாயமாகக்கூடத் தோன்றிவிடும். பாடம் நடத்தி முடித்த பிறகும் அந்தப் பொய் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் அந்த மாணவியின் கேள்வி. மதமா இனமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, யூதர்களே நூற்றாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிற விஷயம். இறைநம்பிக்கையே இல்லாமல் தன்னை முழு யூதராக உணர்கிறவர் உண்டு, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாதவரும் உண்டு. போலந்தின் வார்சாவில் போருக்கு முன் மூன்றில் ஒருவர் யூதர், அவர்களுடைய இத்திஷ் மொழியில் நாளிதழ், நாடகக் கொட்டகை, கட்சிக் கூட்டம், விளையாட்டுக் கழகம் எல்லாம் இருந்த உலகம் அது. கிரேக்கத்தின் தெசலோனிக்கிக்குப் போனால் மொழியே வேறு: 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் வாரிசுகள், நானூறு வருடம் கழித்தும் வீட்டில் ஸ்பானிய வழி வந்த லடினோ பேசினார்கள். துறைமுகக் கூலிகளில் பெரும்பாலோர் யூதர்கள் என்பதால் சனிக்கிழமை துறைமுகமே மூடியிருக்கும். நம் பக்கம் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது, அங்கே இருந்த யூதர்கள் பேசியது மலையாளம். இவர்கள் எல்லோரும் யூதர்கள்தான்.

இந்தப் பன்முகத்தை முதல் வகுப்பிலேயே காட்டிவிட்டால் நாஜிகளின் 1935ஆம் வருட நியூரம்பெர்க் சட்டங்கள் செய்த வேலை பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரியும். நீ யாரை வணங்குகிறாய், என்ன பேசுகிறாய், உன்னை யார் என்று நினைக்கிறாய் என்பதெல்லாம் தேவையில்லை, தாத்தா பாட்டி நால்வரில் மூன்று பேர் யூதரானால் நீ யூதன், அவ்வளவுதான். யூதக் குடும்பத்தில் பிறந்த எடித் ஸ்டைன் கத்தோலிக்கராக மதம் மாறி, கார்மெல் சபையில் கன்னியாஸ்திரியாக இருந்தவர். அவரையும் பிடித்துக்கொண்டுபோய் 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொன்றார்கள். கொலைகாரர்கள் எழுதிய வரையறையை நாம் வகுப்பில் யூத அடையாளத்தின் வரையறையாகச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது, ஆனால் பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் தெரியாமலேயே அதைத்தான் செய்கிறார்கள்.

தெசலோனிக்கி பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 1943 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரயில் ரயிலாக ஏற்றி ஏறக்குறைய 46,000 பேரை அனுப்பினார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் போய் இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பே, 1942 டிசம்பரில், நகரின் யூத இடுகாட்டை இடித்துத் தள்ளியாயிற்று. இன்று அந்த நிலத்தின்மேல் நிற்பது பல்கலைக்கழகம். துறைமுகம் சனிக்கிழமை மூடியிருந்த கதையை முதலில் கேட்ட பிள்ளைக்குத்தான் அங்கே எது அழிந்தது என்பது தெரியும்.

பெர்லின்வாசி

சாக்பீஸ் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ஆறே வகுப்புகள். நான்கு வகுப்புகளைப் பண்பாட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கொலையை அவசரமாக ஓட்டினால் பிள்ளைகளுக்கு இது எப்படி நடந்தது என்பது விளங்காது. எல்லாவற்றையும் ஹிட்லர் என்ற ஒரே மனிதன் தலையில் கட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே பெர்லினில் வான்சே ஏரிக்கரையில் ஒரு மாளிகை இருக்கிறது. 1942 ஜனவரி 20 அன்று ஐரோப்பாவின் யூதர்களை ஒழித்துக்கட்டுவதைப் பற்றிப் பதினைந்து நாஜி அதிகாரிகள் கூடி ஒன்றரை மணி நேரம் பேசிய இடம். எட்டுப் பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். கூட்டக் குறிப்பு இன்றும் இருக்கிறது, முப்பது படிகள் எடுத்ததில் பதினாறாவது படி மட்டும் போருக்குப் பிறகு அகப்பட்டது. அதில் ஒரு பக்கம் முழுக்க நாடு வாரியாக யூதர்களின் எண்ணிக்கை, மொத்தம் 1.1 கோடி. அந்தப் பட்டியலில் இங்கிலாந்தும் இருக்கிறது: 3,30,000. மலர், உங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டு இங்கிலாந்து என்ற வரியை அவர்களையே தேடச் சொல்லுங்கள். எங்கோ போலந்தில் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

அந்த மாளிகை 1992இலிருந்து நினைவிடமாகவும் கல்வி மையமாகவும் இயங்குகிறது. அங்கே எனக்குப் பிடித்தது தொழில் வாரியாக நடத்தும் பயிற்சி. ரயில்வே ஊழியர் வந்தால் ரயில்வே என்ன செய்தது, செவிலியர் வந்தால் மருத்துவமனைகள் என்ன செய்தன என்று பார்ப்பார்கள். ஆசிரியர் வந்தால் ஆசிரியர்கள் செய்தது. நம் தொழிலின் கதையும் நல்லதாக இல்லை: பாடப்புத்தகத்தில் இனவாதத்தை ஏற்றியது, யூதப் பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தது, 1938 நவம்பருக்குப் பிறகு அரசுப் பள்ளியிலிருந்தே வெளியேற்றியது. எல்லாம் சக ஆசிரியர்களின் கையால் நடந்தது. ஆசிரியருக்கான எந்தப் பயிற்சியிலும் இந்தப் பகுதி இருக்க வேண்டும் என்பேன், இது இல்லாமல் நினைவேந்தல் மட்டும் செய்தால் எப்படி?

மலர்_வரலாறு

இருவருக்கும் ரொம்ப நன்றி. அந்த 3,30,000 என்ற வரி எனக்குத் தெரியாது, கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, எதிர்ப்பு பற்றிய கேள்விக்கு வார்சா கெட்டோ (நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதி) எழுச்சியை மட்டும் சொன்னால் போதுமா? இரண்டு, மாணவர்கள் "உணரும்படி" ஏதாவது செய்முறை வேண்டும் என்று எங்கள் துறையில் கேட்கிறார்கள். தரையில் டேப் ஒட்டி ரயில் பெட்டியின் அளவைக் குறித்து, அதற்குள் எல்லோரையும் நிற்க வைப்பது மாதிரி. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் காரணம் சொல்லி மறுக்கத் தெரியவில்லை.

அல்லி

முதலில் அந்த டேப் விஷயம். செய்யாதீர்கள். சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2019இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படிப்பட்ட நடிப்புப் பயிற்சி வேண்டாம் என்று தெளிவாகவே இருக்கிறது, அதைத் துறையில் காட்டுங்கள். ஐந்து நிமிடம் நெருக்கியடித்து நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் தங்களுக்கு இப்போது புரிந்துவிட்டது என்று நினைப்பார்கள். இரண்டுமே இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. வீட்டில் ஏற்கெனவே போர் கண்டு வந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அதற்கு என்ன ஆகும்? இஸ்ரேலின் ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வஷெமின் பயிற்சிகளில் ஒரு கொள்கை சொல்வார்கள்: பிள்ளையைப் பத்திரமாக உள்ளே கூட்டிப்போ, பத்திரமாக வெளியே கொண்டு வா. கொடூரப் படத்தைக் காட்டி அதிர வைக்கக் கூடாது என்பதும் இதில் அடங்கும்.

படம் என்றதும் இன்னொன்று. கைகளைத் தூக்கி நிற்கும் வார்சாச் சிறுவனின் படம் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்தது ஜெர்மன் தரப்பு. கெட்டோவை அழித்து முடித்தேன் என்று தளபதி ஸ்ட்ரூப் 1943இல் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லருக்கு அனுப்பிய வெற்றி அறிக்கையில் இருந்த படம் அது. காட்டுவது தப்பில்லை, ஆனால் யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று கேட்காமல் காட்டினால் வகுப்பு முழுக்கக் கொலைகாரனின் கேமரா வழியாகத்தான் பார்க்கும்.

அதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியது வார்சா கெட்டோவுக்குள் ரகசியமாகச் சேர்த்த ஓனெக் ஷபாத் ஆவணக் காப்பகம். மலர், உங்கள் எதிர்ப்புக் கேள்விக்கும் பதில் இதுதான். 1940 நவம்பரில், கெட்டோவை அடைத்த அதே மாதம், வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்ப்ளும் ஒரு ரகசியக் குழுவைக் கூட்டினார். ஜெர்மானியர்கள் எழுதும் வரலாறு மட்டும் மிஞ்சக் கூடாது, எங்கள் கதையை நாங்களே எழுதுவோம் என்பதுதான் நோக்கம். நாட்குறிப்பு, பசியைப் பற்றிய ஆய்வு, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், நாடக விளம்பரம், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை என்று எதையும் விடவில்லை. மிட்டாய்த் தாளை ஏன் சேர்த்தார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

1942 ஜூலை 22 அன்று டிரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. ஆகஸ்ட் முதல் வாரம், நோவொலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக்கூடத்தின் அடியில் முதல் தொகுதியைத் தகரப் பெட்டிகளில் போட்டுப் புதைத்தார்கள். புதைத்தவர் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன், ஒரு பள்ளி ஆசிரியர், கூட இருந்தது அவருடைய பழைய மாணவர்கள் இருவர். அதில் தாவித் க்ராபர் என்பவனுக்கு வயது பத்தொன்பது. பெட்டியை மூடுவதற்கு முன் அவர்களே தங்கள் கடைசிக் குறிப்புகளை எழுதி உள்ளே வைத்தார்கள். லிக்டென்ஷ்டைன் தனக்குப் புகழ் வேண்டாம் என்றார். மனைவி கேலா செக்ஷ்டைன் ஓவியர், அவரை நினைவில் வைத்திருங்கள், மகள் மார்கலித்துக்கு இன்று இருபது மாதம், அவளையும் நினைவில் வையுங்கள் என்று எழுதினார். கேலாவின் ஓவியங்கள் அந்தப் பெட்டிகளில்தான் பிழைத்தன. மூவரும் பிழைக்கவில்லை.

முதல் தொகுதி 1946இல் இடிபாடுகளுக்கு அடியில் கிடைத்தது, இரண்டாவது 1950இல், பெரிய பால் கேன்கள் இரண்டில். மொத்தம் 35,000 பக்கம். வார்சாவில் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கிறது. நுழைவுக் கூடத்தில் நடக்கும்போது கீழே பாருங்கள். பக்கத்தில் இருந்த பெரிய தொழுகைக்கூடத்தை 1943 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள், அப்போது பரவிய தீயின் கருகல் அந்தத் தரையில் இன்றும் அழியாமல் இருக்கிறது.

குழுவில் பிழைத்தது மூன்றே பேர். அவர்களில் ஒருவர் ரேச்சல் அவுர்பாக், கெட்டோவில் கஞ்சித்தொட்டி நடத்தியவர். பின்னாளில் யாத் வஷெமில் உயிர்பிழைத்தவர்களின் சாட்சியங்களைச் சேகரிக்கும் துறையைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. ஆயுத எழுச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. 1943 ஏப்ரலில் வார்சா, ஆகஸ்டில் டிரெப்லிங்கா, அக்டோபரில் சோபிபோர் முகாம், 1944 அக்டோபரில் பிர்கெனாவ் முகாம், எல்லாம் சொல்லுங்கள். ஆனால் துப்பாக்கி மட்டும்தான் எதிர்ப்பு என்று முடித்துவிட்டால், மீதிப் பேர் சும்மா இருந்தார்கள் என்ற பொய்யை நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

டொரன்டோ_ரூபன்

அல்லி அக்கா எழுதினது எனக்கே பாடமாக இருக்கு. இங்க ஒன்டாரியோவில 2023 செப்டம்பரிலிருந்து ஆறாம் வகுப்பிலேயே ஹோலோகாஸ்ட் கட்டாயம். எங்கட பிள்ளைகள் நிறைய இருக்கிற வகுப்பு, அதனால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சேர், எங்கட சனத்துக்கு நடந்ததை ஏன் இப்படிப் படிப்பிக்கேல்லை?" உண்மையான கேள்வி அது, கேட்ட பிள்ளையைப் பேசாமல் இருத்திவிடக் கூடாது. 2021இல் ஒன்டாரியோ சட்டசபை மே 18உடன் முடியும் வாரத்தைத் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரமாகச் சட்டமாக்கியது, அதை நான் அவர்களுக்குச் சொல்வேன், அந்தப் பேச்சுக்குத் தனி நேரமும் கொடுப்பேன்.

ஆனால் யூதர்களின் பாடத்தை எங்கட பாடத்துக்கான முன்னுரை ஆக்கிவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. மார்கலித் பற்றிப் பேசுகிற வகுப்பில் மார்கலித் பற்றித்தான் பேச வேண்டும். ருவாண்டா 1994, பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா 1995 என்று மற்ற இனப்படுகொலைகளோடு ஒப்பிடுகிறதென்றால் ஒரு அரசு எப்படிப் பட்டியல் போட்டது, அயலவர் என்ன செய்தார்கள் என்று நடந்த விதத்தை ஒப்பிடலாம். யார் அதிகம் அழுதார்கள் என்று தராசு தூக்க விடக் கூடாது. மலர் போகிற பயிற்சியில் இதைப் பற்றி ஒரு அமர்வாவது இருக்க வேணும், ஏனென்றால் இங்கிலாந்து வகுப்பிலும் குர்திஷ் பிள்ளை, ருவாண்டாப் பிள்ளை, எங்கட பிள்ளை எல்லோரும் இருப்பினம்.

சாக்பீஸ்

பெர்லின்வாசி சொன்ன நேரக் கணக்கு சரி. நான்கு வகுப்பு கேட்கவில்லை, ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்று முதல் வகுப்பாக இருக்க வேண்டும்.

அதேபோல் கடைசி வகுப்பையும் 1945இல் விடுதலை, சுபம் என்று முடிக்கிற பயிற்சிகளை நான் தவிர்ப்பேன். 1946 ஜூலை 4 அன்று போலந்தின் கியெல்ட்சே நகரில், போர் முடிந்து ஒரு வருடம் கழித்து, உயிர்பிழைத்துத் திரும்பியிருந்த யூதர்களில் 42 பேரை உள்ளூர்க் கும்பலும் சிப்பாய்களும் போலீசும் சேர்ந்து கொன்றார்கள். யூத வெறுப்பு ஹிட்லரோடு தொடங்கவும் இல்லை, அவரோடு போகவும் இல்லை. இன்றைய யூதர்கள் பாட்டி சொன்ன சமையலோடும் பண்டிகையோடும் வாழ்கிற, தங்களுக்குள் சண்டை போடுகிற, படிக்கிற, வேலைக்குப் போகிற மனிதர்கள் என்பதும் அந்த வகுப்பில் வர வேண்டும்.

மலர், பதிவு செய்வதற்கு முன் நிகழ்ச்சி நிரலை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தர மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. போருக்கு முந்தைய வாழ்வுக்கு ஒரு அமர்வு, ஆவணத்தைக் கையில் கொடுத்துப் படிக்க வைக்கும் வேலை, 1945க்குப் பிறகு என்ன என்பது, இந்த மூன்றையும் தேடுங்கள். வியன்னாவைச் சேர்ந்த சென்ட்ரோபா என்ற அமைப்பு மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத முதியவர்களைப் பேட்டி எடுத்து, அவர்களுடைய குடும்பப் படங்களையும் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறது. எப்படிச் செத்தார்கள் என்பதைவிட எப்படி வாழ்ந்தார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். நீச்சல்குளத்தில் சிரிக்கிற பெண்கள், கடை வாசலில் அப்பா, பள்ளி வகுப்புப் படம். ஒரு படத்தை எடுத்து, தேதியைச் சொல்லாமல், இவர்கள் யாராக இருக்கலாம் என்று கேட்டு முதல் வகுப்பைத் தொடங்குங்கள்.

மலர்_வரலாறு

இரண்டு இடத்தில் நிகழ்ச்சி நிரல் கேட்டு வாங்கிவிட்டேன். ஒன்றில் இரண்டு நாளும் முகாம்கள் மட்டும்தான். இன்னொன்றில் முதல் நாள் காலை முழுக்கப் போருக்கு முந்தைய வாழ்வு, இரண்டாம் நாள் மாலை 1945க்குப் பிறகு. இரண்டாவதில் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆறு வகுப்புக்கும் ஒரு வரைவு எழுதுகிறேன். முதல் வகுப்புக்குத் தெசலோனிக்கி, நான்காவது வகுப்புக்கு லிக்டென்ஷ்டைன் குடும்பம் என்று மனதில் வைத்திருக்கிறேன். பெர்லின்வாசி, வான்சே பட்டியல் பக்கத்தின் தெளிவான நகல் உங்களிடம் இருந்தால் இங்கேயே போடுங்கள். ரூபன், அந்த ஒப்பீட்டு விவாதத்தை நீங்கள் எந்த வகுப்புக்குப் பிறகு வைக்கிறீர்கள்?